வெந்நீரில் இளகிய பந்து

அப்பாவின் அண்ணனான பெரியத்தாவின் கோல்ஃப் பந்துகள் முட்டை அட்டையில் இருந்தன. குழிக்கு ஒரு பந்து, பந்துக்கு ஒரு துண்டுச்சீட்டு. கொடைக்கானல் பஜாரில் மளிகைக் கடை வைத்திருந்த அவரிடம், மைதானத்தில் புல் வெட்டுகிறவர்கள் சோலைக்குள் கிடைத்ததைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். எந்த நாள், எந்த ஓடையருகே என்று துருவிக் கேட்காமல் சீட்டு எழுதமாட்டார். தெரியாத இடத்தில் 'தெரியவில்லை' என்றே எழுதுவார்.

முதல் குழியில் இருந்தது மிகப் பழையது. மரப்பாலை உருட்டிச் செய்த கறுத்த பந்து, உடம்பெல்லாம் வெட்டு. அதைப் பார்க்கவென்றே மதுரையிலிருந்து ஒரு பெரியவர், அவரும் பந்து சேர்ப்பவர், நோன்புப் பெருநாள் மதியம் வருவதாகக் கடிதம் போட்டிருந்தார்.

பெருநாளுக்கு முந்தின நாள் எங்கள் வீட்டில் கரண்டி முதல் சீப்பு வரை வெந்நீரில் குளித்தாக வேண்டும். விருந்தாளி பார்க்கப்போகும் பந்து மட்டும் அழுக்காக இருப்பது, ஐந்தாம் வகுப்பில் இருந்த எனக்குப் பொறுக்கவில்லை. கொதிநீர் வாளியில் போட்டேன். கரண்டியால் எடுத்துத் துணியில் சுற்றி அழுத்தினால், கல்லாக இருந்தது சப்பாத்தி மாவாக அமுங்கியது. பயத்தில் உள்ளங்கையில் வைத்து உருட்டி உருட்டி மறுபடி உருண்டையாக்கினேன். வெட்டுகள் மறைந்து மழமழவென்று ஆனதும் கொஞ்சம் தைரியம் வந்தது.

"பெரியத்தா, புதுசாக்கிட்டேன்."

அவர் பந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏ புள்ள... வெட்டெல்லாம் எங்க?"

"தேச்சு எடுத்துட்டேன்."

அப்படியே அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்.

1848 வாக்கில் வந்த மரப்பால் பந்துகள் முதலில் வழுவழுப்பாகத்தான் இருந்தன. அடிபட்டு வடுவானவை நன்றாகப் பறப்பதைக் கண்டபின், வேண்டுமென்றே சுத்தியலால் வரி கொத்தினார்கள். பிறகு புடைப்புகள் வந்தன. 1905க்குப் பின் இன்றுள்ள குழிகள். இதெல்லாம் பிற்பாடு படித்தது. அத்தனை வருட முன்னேற்றத்தை நான் ஐந்து நிமிடத்தில் அழித்திருந்தேன்.

மறுநாள் பிரியாணி முடிந்ததும் மதுரைப் பெரியவர் அட்டையைத் திறந்தார். "முதல் குழி காலியா கெடக்கே, பாய்?"

"நேத்து கழுவுறேன்னு சுடுதண்ணிக்குள்ள போட்டுட்டேங்க. இளகிப்போச்சு" என்றார் பெரியத்தா.

"நீங்களா? பச்சத்தண்ணிகூடக் காட்டக்கூடாதுன்னு கடிதாசியில எனக்கே பாடம் எடுத்தீங்களேய்யா!" பெரியவர் விழுந்து விழுந்து சிரித்தார். பெரியத்தா தலைகுனிந்து, "என் புத்தி அவ்வளவுதாங்க" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒரு தேதியைக்கூட ஊகித்து எழுதாதவர், பெருநாளும் அதுவுமாக, என் கண்ணெதிரே! அடுப்படிக்கு ஓடினேன்.

"அம்மா, பெரியத்தா பொய் சொல்றாங்க. போட்டது நான்தான!"

அம்மா ஒரு கிண்ணத்தில் சேமியாப் பாயசம் ஊற்றி, முந்திரியை அள்ளிப் போட்டு, "வெரசா பெரியத்தாட்ட கொண்டுபோயிக் குடு" என்றார்.

பொய் சொன்னவருக்கு எதற்கு இத்தனை முந்திரி என்று முனகிக்கொண்டே கொண்டுபோனேன்.