இலைதானே, மீனை என்ன செய்யப்போகுது?

நாட்டு மருந்துக் கடைக்கு யாரும் யோசனை கேட்டு வருவதில்லை. வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு, நாம் தலையாட்டுவதைப் பார்க்கத்தான் வருகிறார்கள். கடைப் பலகைக்குப் பின்னால் நின்று காலம் தள்ளிய உங்களைப் போன்ற கடைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சிராங்கூன் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் சுக்கும் திப்பிலியும் விற்றுக்கொண்டு நானும் பல வருஷம் தலையாட்டினேன்.

ஐம்பதுகளின் நடுவில் பக்கத்துக் கடையை ஆ செங் என்ற சீனர் எடுத்தார். கண்ணாடித் தொட்டிகளை அடுக்கி அலங்கார மீன் விற்க ஆரம்பித்தார். அதுவரை மீனைக் குழம்பில் மட்டுமே பார்த்திருந்த எங்கள் ஆட்களுக்குத் திடீரென்று மீன் வளர்க்கும் ஆசை வந்துவிட்டது. மீனை அவரிடம் வாங்குவார்கள். அது சோர்ந்து போனதும் என்னிடம் வருவார்கள். மீன் வைத்தியம் எனக்குத் தெரியாது என்று சொல்லிப் பார்த்தேன். தழை மருந்துதானே பாய், கெடுதல் ஒன்றும் செய்யாது என்று அவர்களே எனக்குத் தைரியம் சொன்னார்கள்.

அம்மை

மங்களம் அம்மாளின் கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். ஒருநாள் அந்த அம்மாள் கடைக்கு வந்து, தொட்டியில் இருக்கும் மீன் உடம்பெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி என்றார். அது என்ன நோய் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அம்மை. வாசலில் வேப்பிலை செருகியாகிவிட்டது. வீட்டில் தாளிப்பது நின்றுபோய்விட்டது. அக்கம்பக்கத்தார் யாரும் மீனைப் பார்க்க வரக்கூடாது என்றும் சொல்லிவிட்டார். பாவம், கிரேன்காரர் மூன்று நாளாகக் கஞ்சிதான் குடித்தாராம்.

என்னிடம் கேட்டது வேப்பிலையும் மஞ்சளும். இரண்டையும் அரைத்துத் தொட்டியில் கரைக்கப்போவதாகச் சொன்னார். கொஞ்சமாகக் கரையுங்கள் என்று மெதுவாகச் சொன்னேன். சின்ன வயதில் எனக்கு அம்மை வந்தபோது எவ்வளவு அரைத்துப் பூசினார்கள் என்று திருப்பிக் கேட்டார். ஒரு பெரிய உருண்டை என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். கட்டைவிரல் அளவு மீனுக்கும் அதே உருண்டை போயிற்று. நாலாம் நாள் வந்தார். கோபம் இல்லை, குறை இல்லை.

"புள்ளியெல்லாம் எறங்கிடுச்சு, பாய். மீன் தங்கல, ஆனா போறப்ப மொகம் சுத்தமா இருந்துச்சு."

உப்புசம்

சதாசிவம் அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா. எதையும் குறிப்பெழுதி வைத்துக்கொள்கிற ஆள். அவருடைய கறுப்பு மோலி மீனுக்கு நாளுக்கு நாள் வயிறு வீங்கிக்கொண்டே வந்தது. எப்போது தீனி போட்டார், எவ்வளவு போட்டார், வயிறு எவ்வளவு பெருத்தது என்று ஒரு தாளில் எழுதி, அதைப் பலகை மேல் விரித்து வைத்தார். கடைசி வரியில் வாயு என்று அவரே முடிவும் எழுதியிருந்தார். ஆகவே ஓமம்.

ஆ செங்கைக் கேட்டுவிட்டு வாருங்களேன் என்றேன். அவர் மீன் விற்கிறவர்தானே, மருந்து பற்றி அவருக்கு என்ன தெரியும் என்றார். நானும் மீன் பற்றி ஒன்றும் தெரியாதவன் என்பது அவருக்குப் பெரிய தகுதியாகப் பட்டிருக்க வேண்டும். ஓமத்தைக் காய்ச்சி, வடிகட்டி, ஆறவைத்து, காலையும் மாலையும் நாலு சொட்டு. நல்ல வேளையாக நாலு சொட்டோடு நிறுத்திக்கொண்டார். அந்த வாரக் கடைசியில் மோலி இருபது குஞ்சு போட்டது. அது முட்டையிடாமல் குஞ்சு போடுகிற சாதி. வாங்கும்போதே சினையாக இருந்திருக்கிறது. இதை ஆ செங் என்னிடம் விளக்கினார், நான் சதாசிவத்திடம் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அதெல்லாம் சரி பாய், என் மருமகளுக்கும் அதே ஓமத்துல கொஞ்சம் கட்டிக் குடுங்க, கல்யாணமாகி நாலு வருஷம் ஆச்சு."

குப்பை

உண்மையிலேயே வேலை செய்த இலை ஒன்று உண்டு. கெத்தாப்பாங் என்று மலாய்க்காரர்கள் சொல்லும் நாட்டு வாதுமை மரத்தின் காய்ந்த இலை. சண்டை மீன் வளர்ப்பவர்கள் அதைத் தண்ணீரில் போடுவார்கள். தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வரும், மீனும் தெம்பாக இருக்கும். ஆ செங் தம்மிடம் வருகிறவர்களிடம் திடல் ஓரத்து மரத்தடியில் போய்ப் பொறுக்கிக்கொள்ளச் சொல்வார். ஒருவரும் பொறுக்கவில்லை. காலடியில் கிடப்பது மருந்தாகுமா?

நான் அதையே நாலு இலை பொறுக்கி, துடைத்து, காகிதத்தில் மடித்து, 'மீன சஞ்சீவி' என்று எழுதிக் கொடுத்தேன். கேலாங்கிலிருந்தெல்லாம் ஆள் வந்தது. எந்த மலையில் விளைகிறது என்று ஒருவர் கேட்டார். மலை ரொம்பத் தூரம் என்றேன். ஆ செங் ஒருநாள் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தார். திரும்ப அதே மடிப்பில் மடித்து வைத்துவிட்டு, அவருக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்.

"நான் சொன்னா குப்பை, நீ மடிச்சா மருந்து லா."

வேர்

வேலாயுதம், டாங்ளின் பக்கம் ஒரு வெள்ளைக்கார துரை வீட்டில் தோட்டக்காரர். அந்த வீட்டு அல்லிக் குளத்தில் துரைசாணி ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்து வளர்த்த பொன்மீன்கள் இருந்தன. குடியிருக்கும் அறையும் துரை கொடுத்தது. வேலை போனால் மனைவி, மூன்று பிள்ளைகளோடு அறையும் போய்விடும். மீன்களின் செதிலில் பேன் போல ஏதோ ஒட்டியிருக்கிறது என்று ஒருநாள் வந்தார். சஞ்சீவி பெயர் எடுத்திருந்த எனக்கு அப்போது கொஞ்சம் தலை கனத்திருந்தது. கடையில் தூபா வேர்ப் பொடி இருந்தது. காய்கறித் தோட்டம் போடுகிறவர்கள் பூச்சிக்குத் தூவ வாங்குவார்கள், நாய்ப் பேனுக்கும் தேய்ப்பார்கள். நாய்ப் பேன் சாகும்போது மீன் பேன் சாகாதா? மீனுக்கு ஆகுமா பாய் என்று அவர் கேட்டார். என் கடையில் உண்மையாகவே யோசனை கேட்ட ஒரே மனிதர் அவர். வேர்தானே, ஒன்றும் செய்யாது என்றேன்.

மறுநாள் காலை கடை திறக்கும்போது வாசலில் நின்றிருந்தார். பேன் செத்துவிட்டது. மீன்களும் ஒன்றுகூட மிச்சமில்லாமல், வாயைப் பிளந்துகொண்டு மேலே வந்து செத்துவிட்டன. பொடியைப் பார்த்த அந்த வீட்டு மலாய் டிரைவர், தங்கள் கிராமத்து ஆற்றில் மீன் பிடிக்க இந்த வேரைத்தான் இடித்துப் போடுவோம் என்றாராம். துரைசாணி கேட்டதற்கு, தண்ணீர் கெட்டுப்போயிருக்கும் என்று மட்டும் வேலாயுதம் சொல்லியிருக்கிறார். என் பெயரை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

கடையைச் சாத்திவிட்டு அவரோடு பஸ் ஏறினேன். ஆ செங் ஒரு தகர டின்னில் எட்டுப் பொன்மீன் போட்டுக் கையில் கொடுத்தார். துரைசாணி தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், அழுதிருப்பது தெரிந்தது. எனக்கிருந்த இங்கிலீஷில், மருந்து என்னுடையது, தப்பும் என்னுடையது, இவர் நான் சொன்னதைச் செய்தார் என்றேன். அவர் டின்னுக்குள் எட்டிப் பார்த்தார். குளத்தை இறைத்துக் கழுவி, புதுத் தண்ணீர் ஊறவைத்த பிறகுதான் இவற்றை விடவேண்டும் என்று வேலாயுதத்திடம் சொன்னார். நாளைக்கும் அவருக்கு வேலை உண்டு என்பது அப்படித்தான் தெரிந்தது.

வேலாயுதம் வாசல்வரை கூட வந்தார். மன்னிப்புக் கேட்க வாய் எடுத்தேன். அவர் வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆள் உயரத்துக்கு அரளி பூத்துக் கிடந்தது.

"இத நான்தான் நட்டேன் பாய். பசங்கள இதுல ஒரு இலையக்கூடத் தொட விடமாட்டேன். வேர்தானேன்னு நீங்க சொன்னப்ப ஆமான்னு தலையாட்டினவனும் நான்தான்."

அதற்குப் பிறகு மீனுக்கு மருந்து கேட்டு வந்தவர்களிடமெல்லாம் தொட்டித் தண்ணீரை மாற்றுங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். நான் பார்த்த வைத்தியத்தில் அதிகம் பலித்தது அதுதான், என் கடையில் இல்லாத சரக்கும் அதுதான்.