கேட்டாலே புரிகிற படம்

ஒற்றசேகரமங்கலத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் பாலெடுக்க ரப்பர் மரப்பட்டையை வெட்ட வருகிறவர் ஒல்லியான ஆள். கழுத்தில் எப்போதும் இயர்போன் தொங்கும். என்னைக் கண்டால் புதுப்படம், சீரிஸ் எது நல்லது என்றுதான் கேட்பார். விடியுமுன் இருட்டோடு தனியாகப் பட்டை வெட்டும்போது, பார்க்காமல் காதால் மட்டும் கேட்பதற்கு.

“நல்ல பேய் சீரிஸ் ஒண்ணு உண்டு அண்ணே.”

“பேய் வேண்டாம் மக்கா. அதுல இடையில சத்தம் நின்னுபோவும். அப்பம் தோட்டத்துச் சத்தம் கேக்கும்.”

பக்கத்துத் தோட்டத்தில் காட்டுப்பன்றி ஒருவரைக் குத்தி ஒரு வாரம்கூட ஆகவில்லை.

“ஒரு காதையாவது திறந்து வையுங்க. பன்னி வந்தா தெரியாண்டாமா?”

“தெரிஞ்சா கை நடுங்கும். கத்தி பட்டையைத் தாண்டி ஆழமா இறங்கினா மரம் போச்சு. பொறவு எவன் வேலை தருவான்? நிறுத்தாம பேசுற படமா ஒண்ணு சொல்லு.”

சொன்னேன். இப்போதெல்லாம் விடியுமுன்னே எழுந்து, அவருடைய தலைவிளக்கு மரத்துக்கு மரம் நகர்கிறதா என்று ஜன்னலில் நின்று பார்க்கிறேன். ஒரே மரத்தில் அது சற்று அதிகம் நின்றால் மறுபடி நகரும்வரை நான் ஜன்னலை விட்டு அசைவதில்லை.