மூன்றாவது கையுறை

என் மேசை இழுப்பறையில் ஒரு பழைய கையுறை கிடக்கிறது. அதில் ஒரு விரலை மட்டும் யாரோ கத்தரித்து எடுத்திருக்கிறார்கள். அந்த யாரோ எங்கள் ஃபிட்டர் அண்ணன். காக்களூர் தொழிற்பேட்டையில் வால்வு செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் நான் ஸ்டோர் பொறுப்புக்கு வந்த புதிதில், அவர் மாதாமாதம் இரண்டு கைக்கு மூன்று கையுறை வாங்கிப் போவார். வலது கை எப்போதும் பேன்ட் பையிலேயே இருக்கும். இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்கிற முகம். திருடுகிறார் என்று முடிவுகட்டி முதலாளியிடம் சொல்லிவிட்டேன். விசாரித்தபோது அவர் இந்தக் கையுறையை மேசையில் வைத்தார். பிறகு வலது கையை வெளியே எடுத்தார். சுண்டுவிரலை ஒட்டி ஆறாவதாக ஒரு விரல். மூன்றாவது கையுறையிலிருந்து ஒரு விரலை வெட்டித் தன்னுடையதோடு சேர்த்துத் தைத்துக்கொள்வாராம்.

மன்னிப்புக் கேட்கப் போனபோதுதான் மிச்சத்தைச் சொன்னார். அவர்கள் வம்சத்தில் தலைமுறைக்கு ஒருவருக்கு இந்த விரல் வரும். பாட்டனுக்குப் பாட்டன் கொலை செய்துவிட்டு வெள்ளைக்காரன் காலத்தில் அந்தமானுக்குக் கப்பலேற்றப்பட்டவர் என்பது ஊர்ப்பேச்சு. அதனால் ஆடி மாதம் அம்மனுக்கு ஊற்றும் கூழை அந்த வீட்டார் தொடக்கூடாது. சின்ன வயதில் ஆசையாகத் துழாவப் போனவரிடம், "கொலகாரன் கை, கூழத் தொடாதே" என்று ஒருவர் துடுப்பைப் பிடுங்கியிருக்கிறார். "யாரக் கொன்னாருன்னு கேட்டா ஒருத்தனுக்கும் தெர்ல மா. நீ இங்கிலீஷ் பட்சவளாச்சே, தேட்றதுக்குக் கூட வரியா?" என்றார். செய்த பாவத்துக்குப் பரிகாரமாக ஒத்துக்கொண்டேன்.

லீவு போட்டுவிட்டு ரயிலேறிச் சென்னை ஆவணக் காப்பகத்துக்கு மூன்று முறை போனோம். மூன்று முறையும் கொலை வழக்குகளையே புரட்டினோம். எனக்குத் தும்மல்தான் மிச்சம். ஊர் சொன்ன பொய்யையே பிடித்துக்கொண்டு தேடினால் எப்படிக் கிடைக்கும்? நாலாவது முறை குற்றத்தை விட்டுவிட்டு, கப்பலேற்றியவர்களின் பட்டியலைக் கேட்டேன். அண்ணனின் ஊரிலிருந்து அந்தப் பாட்டனின் பெயரிலேயே மூன்று பேர். அடையாளம் என்று தனியாக ஒரு கட்டம். மூன்றாவது ஆளுக்கு நேரே, வலது கையில் ஆறு விரல். நான் அதைத் தமிழில் சொன்னதும் அண்ணன் பையிலிருந்து கையை எடுத்து அந்த வரியின் பக்கத்தில் விரித்து வைத்தார். "பேப்பரத் தொடாதீங்க சார்" என்று ஓடிவந்த ஊழியர், கையைப் பார்த்துவிட்டு அந்த வரியைக் குனிந்து படித்தார்.

அங்கிருந்த வழக்கு எண்ணை வைத்துத் தீர்ப்பையும் எடுத்தோம். கொலையே இல்லை. பஞ்சத்தில் மிராசுதாரரின் நெற்களஞ்சியத்தைத் தெருவாரோடு சேர்ந்து உடைத்திருக்கிறார். மற்றவர்கள் தப்பிவிட, இவர் மட்டும் அகப்பட்டார். கூட வந்தது யார் என்று எவ்வளவு கேட்டும் ஒரு பெயரும் சொல்லவில்லை. ஆயுள் முழுக்கத் தீவு. "நெல்லா மா? நெல்லுக்கா?" என்று அண்ணன் திரும்பத் திரும்பக் கேட்டார். காப்பக வாசலில் நின்று குலுங்கி அழுதார், நானும்தான்.

அந்த ஆடியில், கோயில் முன்னால் கூடிய தெருவுக்கு அந்தத் தீர்ப்பின் நகலை நான்தான் வாசித்துச் சொன்னேன். 'ஒரு பெயரும் சொல்லவில்லை' என்ற வரியை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்கள். அவர் சொல்லாமல் விட்ட பெயர்கள் யாருடையவை? அங்கே நின்றவர்களின் பாட்டன்மாருடையவைதானே! அன்று துடுப்பைப் பிடுங்கியவர் இன்னும் இருந்தார். தடியை ஊன்றி எழுந்து, "நம்ம பசிக்குப் போன கைடா அது. இத்தினி வருசமா நாமதான் தப்பு பண்ணிக்கினு இருந்துகிறோம்" என்று சொல்லி, துடுப்பை எடுத்து அண்ணனிடம் நீட்டினார். ஆறு விரலாலும் இறுக்கிப் பிடித்து அண்ணன் துழாவினார். அவர் வீட்டுப் பெண்கள் போட்ட குலவை அடுத்த தெருவுக்குக் கேட்டிருக்கும். அம்மனுக்குப் படைத்த பிறகு முதல் சொம்பு எனக்கு. உப்பு ஒரு கல் கூடுதல்தான். ஆனாலும் அப்படியொரு கூழை நான் குடித்ததில்லை.

முன்பெல்லாம் ஸ்டோர் ஜன்னலில் குனிந்த தலையோடு கையுறை கேட்பார். நேற்று வந்தவர் வலது கையைப் பலகை மேல் விரித்து வைத்து, கம்பெனியே திரும்பிப் பார்க்கும்படி கேட்டார்: "மூணு குடு மா. எங்க பாட்டன் கை இது!"