கீழ்த் தட்டுக்குப் போன கடிதம்

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எழுதக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: ‘அட் யுவர் இயர்லியஸ்ட் கன்வீனியன்ஸ்’. உங்களுக்கு வசதிப்படும் முதல் வேளையில் என்று அர்த்தம். லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் தபால் குமாஸ்தாவாகச் சேர்ந்த புதிதில் பிடித்துக்கொண்டேன். இருபத்தாறு வருடமாக விடவில்லை. அதை வாக்கியத்தில் எங்கே உட்கார வைப்பது என்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று நானே சொல்லிக்கொண்டு திரிவேன். வேறு யாரும் சொல்லாததால்.

என் மேஜையில் மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு தட்டுகள். ‘உடனே’, ‘அவசரம்’ என்று கத்தும் புகார்கள் மேல் தட்டுக்கு. பணிவாக எழுதியவை கீழ்த் தட்டுக்கு. பணிவானவர்கள் காத்திருப்பார்கள் என்பது நான் போட்ட சட்டம். போனில் புகார் வாங்கக் கூடாது என்பதும் என் சட்டம்தான்.

போன மாதம் என் மனைவிக்கு முழங்காலில் ஆபரேஷன். எங்கள் வீடு நான்காவது மாடியில். அவளைக் கூட்டிவந்த மறுநாளே லிஃப்ட் படுத்துவிட்டது. அதுவும் எங்கள் கம்பெனி பராமரிக்கும் லிஃப்ட். பத்தாம் நாள் தையல் பிரிக்க ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். அவளைப் பார்த்துக்கொள்ள நான் லீவில் இருந்தேன்.

“ஆபீசுக்கு ஒரு போன் போடுங்களேன்” என்றாள்.

“சொந்த ஆபீஸ்னு சலுகை கேட்டா கேவலம். முறையா எழுதுறேன் பாரு.”

மூன்று தாளைக் கிழித்துப் போட்டு, நான்காவதில் இங்கிலீஷில் ஒரே வாக்கியம் எழுதினேன். லிஃப்ட்டைச் சரிசெய்து தரும்படி வேண்டுகோள். கடைசியில் மகுடம் மாதிரி ‘அட் யுவர் இயர்லியஸ்ட் கன்வீனியன்ஸ்’. அவளுக்குப் படித்து, அர்த்தமும் சொன்னேன்.

“என் காலைப் பத்தி ஒண்ணுமே இல்லையே?”

“அதெல்லாம் சொந்த விஷயம். எழுதக் கூடாது.”

கடிதத்தைத் தபாலில் போட்டேன். யாரும் வரவில்லை. தினமும் கேட்டுக்கொண்டிருந்தவள், ஆறாம் நாளோடு கேட்பதை நிறுத்திவிட்டாள். பத்தாம் நாள் காலையில் தரைத்தளத்துத் தையல்காரரும் நானுமாக அவளைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கினோம். இரண்டாவது மாடியில் எனக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. அவள் நாற்காலியின் கைகளை இறுக்கிப் பிடித்து, உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

தையல் பிரித்து வந்ததும் அவளைத் தையல்காரர் வீட்டில் படுக்கவைத்துவிட்டு ஆபீசுக்கு ஓடினேன். என் நாற்காலியில், நான் லீவில் இருந்ததால் தபாலைப் பார்த்துக்கொண்டிருந்த டைப்பிஸ்ட் அம்மா.

“என் லெட்டர் வரலையாம்மா?”

“வந்துச்சே சார். கீழ்த் தட்டுல பத்திரமா இருக்கு. நீங்க சொல்லிக்கொடுத்த மாதிரியே.”

“அவசரம்னு தெரியலையா?”

“வசதிப்படும்போதுன்னுதானே எழுதியிருந்தீங்க? அவசரமா இருந்தா நீங்க சும்மா இருப்பீங்களான்னு நினைச்சேன்.”

வெட்கமாக இருந்தது. ஒரு தாளை எடுத்துத் தமிழில் எழுதினேன்: ‘என் மனைவியால் படியேற முடியாது. கீழே காத்திருக்கிறாள். உடனே வாருங்கள்.’ என் கையாலேயே மேல் தட்டில் வைத்தேன்.

மெக்கானிக் மதியத்துக்குள் வந்தார். கதவு சுவிட்சில் ஒரு கம்பி கழன்றிருந்ததாம். கால் மணி நேர வேலை.

லிஃப்ட்டில் மேலே போகும்போது அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இப்போதாவது திட்டுவாள் என்று பார்த்தேன்.

“அந்தக் கீழ்த் தட்டுல இன்னும் எத்தனை லெட்டர் இருக்கு?” என்று கேட்டாள்.

“பதினேழு இருக்கும்.”

“அவங்கல்லாம் எந்த மாடியோ.”

நான்காவது மாடியில் கதவு திறந்தது. அவளைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்தேன். பிறகு அதே லிஃப்ட்டில் இறங்கி ஆபீசுக்குத் திரும்பிப் போனேன்.