சேதுண்ணன் அழித்த பாட்டு

அன்று மூன்றாவது பீரியடில் கைப்பேசி அதிர்ந்துகொண்டே இருந்தது. வகுப்பில் நான் எடுப்பதில்லை. நான்காவது முறை அதிர்ந்ததும் வராந்தாவுக்கு வந்து எடுத்தேன். பேசியது சேதுண்ணனின் மனைவி கோமதி. கோவிலூரில் ஒரு விழாவுக்கு மைக்செட் இறக்கிக்கொண்டிருந்த அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வேன் படியில் உட்கார்ந்தாராம். பிறகு எழுந்திருக்கவே இல்லையாம்.

காரைக்குடி வட்டாரத்தில் மேடை ஏறிய எல்லோருக்கும் அமராவதிபுதூர் சேதுராமனைத் தெரியும். "செத்த பொறுங்க, மைக்கு இன்னும் முழிக்கல" என்று அவர் சொல்லி நீங்கள் காத்திருக்காத கச்சேரி இருக்காது. தச்சுவேலைக் குடும்பத்தில் பிறந்து, ஒலிபெருக்கிக்குப் பெட்டி செய்யப் போய், அந்தப் பெட்டிக்குள்ளேயே விழுந்துவிட்டவர். என் ஆல்பத்தைப் பதிவு செய்ததும் அவர்தான். அதைப் பற்றி நான் மேடைகளில் சொல்லும் ஒரு கதையும் என் கச்சேரிக்கு வரும் உங்களுக்குத் தெரியும். அந்தக் கதை தப்பு. அதைத் திருத்தத்தான் இதை எழுதுகிறேன்.

ஆறு வருடம் முன்பு என் கழுத்தில் ஒரு கட்டி இருப்பது தெரிந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு குரல் எப்படி வரும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். நானே எழுதி மெட்டமைத்த எட்டுப் பாட்டு நோட்டுப் புத்தகத்தில் கிடந்தது. அவற்றை வெளியிட எந்தக் கம்பெனியும் வரப்போவதில்லை. ஆபரேஷனுக்கு ஒரு வாரம் இருந்தபோது சேதுண்ணனிடம் போய் நின்றேன். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "நம்மளே போட்டுருவோம் டீச்சர்" என்றார்.

கண்டனூரில் பூட்டிக் கிடந்த ஒரு பெரிய வீட்டை அவரே பிடித்தார். அந்த வீட்டில் கல்யாணம் வைத்திருந்தார்கள். வீட்டுக்கார ஆச்சி சென்னையிலிருந்து வந்து இறங்கும் வரை, மூன்று நாள் பாடிக்கொள்ளலாம் என்று காவல்காரர் கணேசன் சாவியைக் கொடுத்தார். சேதுண்ணன் முகப்பிலிருந்து இரண்டாம் கட்டு வரை ஒவ்வொரு தேக்குத் தூணையும் விரல் முட்டியால் தட்டிக் காது வைத்துக் கேட்டுக்கொண்டே போனார். நடு முற்றத்தைச் சுற்றிய வளவின் கிழக்கு மூலையில் நின்று, "இங்குட்டு வாங்க. இந்தத் தூணு உங்க கூடப் பாடும்" என்றார். கல்யாணத்துக்கு எடுத்து வைத்திருந்த ஜமுக்காளங்களைக் கேட்டு வாங்கி ஜன்னல்களை மூடினார்.

வேலையில் அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. சரியில்லாத டேக்கை அப்போதே அழித்துவிடுவார். "சீவுன தூள வச்சுக்கிட்டு அடுத்த பலகையில கை வைக்கக்கூடாது" என்பார். பட்டறையில் அவருடைய அப்பா சொன்னதாம்.

முதல் நாள் இரண்டாவது பாட்டில், "இந்த எடத்துல கொரல் லேசா நடுங்குது, இன்னொருக்காப் பாடுறீகளா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். நான் உடைந்துபோனேன். ஆபரேஷனுக்கு முன்பே குரல் போய்விட்டது என்று மனசு சொல்லிவிட்டது. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. மத்தியானம் வரை தூணில் சாய்ந்து அழுதேன். சேதுண்ணன் வயர்களைச் சுருட்டிச் சுருட்டி அவிழ்த்துக்கொண்டிருந்தார். அதன்பிறகு அந்த நடுக்கம் என்ற சொல்லை அவர் சொல்லவே இல்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் மிஞ்சியது எட்டாவது பாட்டு மட்டும். என் மகளுக்காக எழுதியது. சரணத்தில் மேலே ஓர் இடம் உண்டு. கழுத்தில் கத்தி பட்ட பிறகு அந்த இடத்துக்குப் போகவே முடியாது என்று எனக்கு உள்ளுக்குள் தெரிந்திருந்தது. ஆச்சியின் கார் திருச்சியைத் தாண்டிவிட்டதாகக் கணேசன் வந்து சொல்லிவிட்டுப் போனார். பாடினேன். முடித்ததும் நெஞ்சு லேசாகிவிட்டது. "அண்ணே, நல்லா வந்துச்சுல்ல?" என்றேன். "வந்துச்சு டீச்சர்" என்றார். நான் வெந்நீர் குடிக்கப் போய்விட்டேன்.

திரும்பி வரும்போது அவர் லேப்டாப்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"டீச்சர், ஒரு தப்பு நடந்துபோச்சு. இப்பப் பாடுனீகளே, அத அழிச்சுப்புட்டேன்."

கோபத்தில் என்ன பேசினேன் என்பதை மறைக்க எனக்கு உரிமையில்லை. "உங்களுக்கு எதுக்குண்ணே இந்த வேலை? பேசாம உளியப் பிடிச்சிருக்கலாம்ல?" என்று கேட்டேன். அவர் தலை நிமிரவில்லை.

"திட்டுறத அப்பறமாத் திட்டிக்கிருங்க. கார் வாரதுக்குள்ள ஒருக்காப் பாடிப்புடுங்க."

அவர் மேல் இருந்த ஆத்திரத்தை எல்லாம் மைக்கில் கொட்டினேன். கழுத்தில் கட்டி இருப்பது நினைவில்லை, ஆபரேஷன் நினைவில்லை. மேலே அந்த இடம் எப்போது வந்தது, எப்போது போனது என்றே தெரியவில்லை. கடைசி வரி அடங்கும் நேரத்தில் கணேசன் பெரிய கதவின் தாழ்ப்பாளை இழுத்தார். ஆல்பத்தின் முடிவில் கேட்கும் அந்த இரும்புச் சத்தம் அதுதான். வேண்டுமென்று வைத்தது என்று பலர் பாராட்டினீர்கள்.

ஆபரேஷன் முடிந்தது. குரல் இரண்டு கட்டை இறங்கிவிட்டது. ஆல்பத்தை நாங்களே இணையத்தில் ஏற்றினோம். எட்டாவது பாட்டைப் பாடச் சொல்லி நீங்கள் கேட்கும் போதெல்லாம் மேடையில் நான் ஒன்றைச் சொல்வேன்: "இதைவிட நல்லா ஒண்ணு பாடினேன். அதோ அங்கே உட்கார்ந்திருக்காரே, அவர் அழிச்சுட்டார்." நீங்கள் சிரிப்பீர்கள். சேதுண்ணனும் மிக்சருக்குப் பின்னாலிருந்து ஒரு கையை நெஞ்சில் வைத்துக் குனிவார். இப்படி எத்தனை மேடை! ஒருமுறை மட்டும் கச்சேரி முடிந்து வயரைச் சுருட்டிக்கொண்டே, "அழிச்சவன் பேரும் ஒரு ஓரமா நிக்கட்டும் டீச்சர்" என்றார். கிண்டல் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து கிளம்பும்போது கோமதி ஒரு ஹார்ட் டிஸ்கைக் கையில் கொடுத்தார். என் பாட்டெல்லாம் அதில் இருப்பதாகச் சேதுண்ணன் சொல்லியிருக்கிறாராம். வாசல் வரை வந்த கோமதி, "அவரு எதையும் அழிக்கல டீச்சர். உங்ககிட்டச் சொல்லக்கூடாதுன்னுட்டாரு" என்றார்.

எட்டாவது பாட்டின் பெயரில் இரண்டு பதிவுகள் இருந்தன. முதலாவதைப் போட்டேன். சரணத்தில் மேலே போகும் இடத்தில் என் குரல் நடுங்குகிறது. கொஞ்சநஞ்சம் இல்லை, பயந்துபோன ஒருத்தி பாட முயல்வது அப்பட்டமாகக் கேட்கிறது. அப்போது எனக்கு அது கேட்கவில்லை. அவருக்குக் கேட்டிருக்கிறது. சொல்லியிருந்தால் முதல் நாள் போலவே நான் உட்கார்ந்துவிட்டிருப்பேன். வாசலில் காரும் வந்திருக்கும். அதனால்தான், எதையும் அப்போதே அழிப்பவர் என்பதால் நான் நம்பிவிடுவேன் என்று தெரிந்தே, ஒரு பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். ஆறு வருடம் நான் அதை ஊருக்கெல்லாம் காட்டிச் சிரிக்கவைத்தேன். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அவர் இருக்கும்போது தெரிந்திருந்தால் காலில் விழுந்திருப்பேன்.

இனி எந்த மேடையிலும் அந்தக் கதை வராது. என்னோடு சேர்ந்து சிரித்த நீங்களும் அதை மறந்துவிடுங்கள்.

அந்த முதல் பதிவை நான் வெளியிடப் போவதில்லை, அழிக்கவும் போவதில்லை. ஆல்பம் முழுக்க என் குரல்தான் இருக்கிறது. அவருடைய குரல் என்னிடம் இருப்பது அந்தப் பதிவின் கடைசியில் மட்டும்தான். பாட்டு முடிகிறது. நல்லா வந்துச்சுல்ல என்று நான் கேட்கிறேன். வயர் ஒன்று தரையில் உரசுகிறது. பிறகு, "வந்துச்சு டீச்சர்."

எனக்காக அவர் சொன்ன பொய் அது. அதைத்தான் வைத்திருக்கிறேன்.