ராகு காலத்தில் நின்ற மெயில்

போன வியாழக்கிழமை மதியம், மணி ஒன்றே முக்கால். செம்பூர் வீட்டில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து 'அனுப்பு' பட்டனை அழுத்தப் போகிறேன். சமையலறையிலிருந்து என் மனைவி ஜெயாவின் குரல் வந்தது.

"ஏன்னா, இப்போ ராகு காலம். மூணு மணிக்கு மேல அனுப்புங்கோ."

மெயிலுக்குமா ராகு காலம்? சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

விஷயம் அப்படி. ஜெயா பல வருஷமாக வீட்டிலிருந்தே டப்பா சாப்பாடு கொடுக்கிறாள். நாலைந்து ஆபீஸ்காரர்கள், வயதான தம்பதி ஒன்று... அவ்வளவுதான் வட்டம். இப்போது காட்கோபரில் ஒரு கம்பெனி, தன் ஊழியர்கள் அத்தனை பேருக்கும் தினமும் மதியச் சாப்பாடு தர ஆள் தேடியது. மெனு மெயிலில் வர வேண்டும். மாலை நாலு மணி கெடு. கிடைத்தால், அவள் ஆசைப்பட்டபடி தனியாக ஒரு சமையற்கூடம். கிடைக்காவிட்டால் பழைய நாலைந்து டப்பாதான்.

எனக்கோ தாணேயில் ஒரு கூட்டம். மூன்று மணி வரை காத்திருக்க முடியாது. நல்லவேளை, மெயிலில் ஒரு வசதி இருக்கிறது. நேரத்தைக் குறித்து வைத்தால் அந்த நேரத்துக்குத் தானே போய்விடும். மூன்று ஐந்து என்று குறித்துவிட்டுக் கிளம்பினேன். இதை வடிவமைத்த இன்ஜினீயர் ஆபீஸ் நேரத்தை நினைத்துத்தான் செய்திருப்பார். மாட்டுங்கா கடையில் வாங்கிய தினசரி காலண்டரை அவர் எங்கே கண்டார்?

குர்லாவில் வண்டி மாறினேன். உட்கார இடம் கிடைத்த குஷியில், என் மைக்ரோ பிளாக்கில் ஒரு வரி தட்டிவிட்டேன்: 'ராகு காலம் முடியட்டும் என்று எங்கள் வீட்டு மெயில் காத்திருக்கிறது.' முலுண்ட் வருவதற்குள் லைக்குகள் குவிந்தன. எனக்கு ஒரே பெருமை.

போன் அடித்தது. ஜெயாதான். மணி இரண்டு ஐம்பது.

"என்னத்தை அட்டாச் பண்ணிருக்கேள்? மெனுவைக் காணலை. வத்தக்குழம்புல உப்பு ஜாஸ்தின்னு என்னவோ எழுதிருக்கு."

அது பத்திரிகையில் வரும் இந்தப் பத்திக்காக நான் எழுதி வைத்திருந்த கட்டுரை! முழுக்க முழுக்க ஜெயாவின் சமையலைக் கிண்டல் செய்து எழுதியது. மெனுவுக்கு 'ஃபைனல்' என்று பெயர் வைத்திருந்தேன். கட்டுரைக்கு 'ஃபைனல் 2'. அவசரத்தில் இதை அதென்று இணைத்துவிட்டேன்.

சாப்பாடு போட ஆள் தேடுகிற கம்பெனிக்கு, 'இவள் சமையலை நம்பாதே' என்று புருஷனே எழுதிய கட்டுரை... ஒன்றே முக்காலுக்கே நான் பட்டனை அழுத்தியிருந்தால்?

அழுத்தியபின் திரும்பப் பிடிக்க, மெயில் தருவது சில நொடிகள்தான். நேரம் குறித்து வைத்ததோ தனி ஃபோல்டரில் சமர்த்தாக உட்கார்ந்திருக்கும். திறக்கலாம், படிக்கலாம், நிறுத்தலாம். மெயில் போவது ஜெயாவின் கணக்கிலிருந்து; அவள் தன் போனில் அதைத்தான் செய்திருக்கிறாள். நிறுத்தி, சரியான மெனுவை இணைத்து, மூன்று ஐந்துக்கு அவளே அனுப்பினாள்.

என் மைக்ரோ பிளாக் வரி? அதற்குள் யார் யாரோ பகிர்ந்து, ஊர் சுற்றப் போய்விட்டது. ஒரு சேவை நம்மைப் பேசத் தூண்டுகிறது; இன்னொன்று, கொஞ்சம் பொறு என்கிறது. என் வாய்க்கு எது நல்லது என்று வாசகர்களுக்குத் தெரியாதா என்ன?

திங்கட்கிழமை பதில் வந்தது. ஜெயாவுக்கே ஆர்டர்! அவள் அதை மூன்று முறை உரக்கப் படித்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் ஜெயித்ததில் சந்தோஷம், நான் கெடுக்காமல் தப்பித்ததில் அதைவிடச் சந்தோஷம். இனி எல்லா மெயிலையும் நானே பார்த்துப் பார்த்து அனுப்புகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

"மெயிலை நான் பாத்துக்கறேன். நீங்க கொத்தமல்லி ஆய்ஞ்சு குடுங்கோ, போறும்" என்றாள் முதலாளியம்மா.

ஆய்ந்துகொண்டிருக்கிறேன்.