பிரிண்ட் கொடுத்தால் வெட்டும்

அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் ஒரு ஸ்டிக்கர் கடையில் வேலை பார்த்தேன். ஆட்டோவுக்கு ‘இயேசு துணை’, டெம்போவுக்குப் பிள்ளைகளின் பெயர், கம்பெனிக் கதவுக்கு ‘அனுமதி இல்லை’ என்று வினைல் தாளில் எழுத்து வெட்டுகிற கடை. வெட்டுவது ஒரு பழைய பிளாட்டர். பேனா இருக்க வேண்டிய இடத்தில் அதற்கு ஒரு சின்ன பிளேடு. அதற்கென்று தனி சாஃப்ட்வேர், மகா முரண்டு பிடித்தது. அதை வழிக்குக் கொண்டுவரத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். முதலாளிக்கே தெரியாது.

நான் லீவு போட்டால் பிளாட்டருக்கும் லீவு. அதனால் காய்ச்சலோடுகூட முத்தாபுதுப்பேட்டையிலிருந்து பஸ் ஏறிப் போயிருக்கிறேன். உள்ளுக்குள் ஒரு கர்வம். நான் இல்லாவிட்டாலும் வீட்டில் எல்லாம் நடந்துவிடும். கடையில் அப்படி இல்லை. அந்த ஒரு நாற்காலிதான் எனக்கென்று இருந்தது.

கம்ப்யூட்டர் பழுதாகி முதலாளி புதுசு வாங்கினார். அதில் அந்தப் பழைய சாஃப்ட்வேர் திறக்கவே இல்லை. “இன்னாம்மா, மிஷினை காயலான் கடைல போட வேண்டியதுதானா?” என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

“கொஞ்சம் இருங்கண்ணா” என்றேன். தேடித் தேடி அந்த பிளாட்டரின் டிரைவரை, அதாவது மிஷினைக் கம்ப்யூட்டரோடு பேச வைக்கிற சின்ன புரோகிராமை, பிடித்து ஏற்றினேன். உடனே திரையில், பில் அடிக்கிற பிரிண்டரின் பெயருக்குப் பக்கத்திலேயே பிளாட்டரும் ஒரு பிரிண்டராக வந்து உட்கார்ந்தது. இனி தனி சாஃப்ட்வேர் வேண்டாம். டிசைன் போட்ட இடத்திலிருந்தே பிரிண்ட் கொடுத்தால் பிளேடு ஓடும். வேகம், அழுத்தம் எல்லாவற்றையும் டிரைவரிலேயே போட்டுவைத்துவிட்டேன். முதல் எழுத்து வெட்டி வந்ததும் எனக்கு ஒரே சந்தோஷம்.

“இவ்ளோ ஈசியா? என் மச்சானுக்கும் சொல்லிக் குடும்மா, ஊட்ல சும்மாதான் குந்திகினு கீறான்” என்றார். மச்சான் என்றால் அவர் மனைவியின் தம்பி. சொல்லிக்கொடுத்தேன். டீ ஆறுவதற்குள் கற்றுக்கொண்டான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை நான் சிரித்துக்கொண்டே செய்தேன்.

அடுத்த மாசமே, “கொஞ்ச நாள் ரெஸ்ட் எடும்மா, வேலை வந்தா கூப்புடுறேன்” என்றார். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, பிரிண்டருக்குப் பேப்பர் வைத்துக்கொண்டே சொன்னார். அவர் சொல்லும்போதே பின்னால் பிளாட்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

போன வாரம் அவரிடமிருந்து போன். வெட்கமில்லாமல் நெஞ்சு துள்ளியது. வேலைக்குக் கூப்பிடத்தான் என்று நினைத்தேன்.

“எல்லா எழுத்தும் திரும்பிகினு வருதும்மா. மச்சான் காலைலேர்ந்து முட்டிகினு கீறான்.”

கேட்டதுமே புரிந்துவிட்டது. கண்ணாடியின் உள்பக்கம் ஒட்டுகிற ஸ்டிக்கர் என்றால், வெளியே நின்று படிப்பவருக்கு நேராகத் தெரிய எழுத்தைத் திருப்பி வெட்ட வேண்டும். அதற்கு டிரைவரில் ஒரு டிக் உண்டு. ஏதோ ஒரு ஆட்டோவின் பின் கண்ணாடிக்காக அதைப் போட்டவன், எடுக்க மறந்திருக்கிறான். கடைசியாகச் சொன்னதையே டிரைவர் பிடித்துக்கொள்ளும்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பாழாய்ப்போன வாய், “டிரைவர்ல மிரர்னு ஒரு டிக் இருக்கும்ணா, எடுத்துடுங்க” என்றது.

மவுஸ் சத்தம் கேட்டது. பிறகு பிளேடு ஓடுகிற சத்தம்.

“அட, அவ்ளோதான்டா!” என்று மச்சானிடம் சொன்னார். எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்காமல் போனை வைத்துவிட்டார்.